எதிரே வரும்போது

இருபத்திரண்டு வருடமாக
பன்னிரண்டு மீட்டர் பேருந்துக்குள் உட்கார்ந்தபடிதான்
வளைவுகளைப் படித்தேன்.
இடுப்பு சொல்லும், பிரேக்கைத் தொடு என்று.
கண்ணாடி சொல்லும், பொறு என்று.

இன்று வண்டி கீழே, நான் மேலே.
பேஜா ஊருக்கு வெளியே, கார்க் மரங்களை ஒட்டிய களிமண் திடலில்
பலகை மேடைமீது பத்துப் பேர் தோள் உரச நிற்கிறோம்.
மின்கம்பத்து நாரைகள் மேலிருந்து பார்க்கின்றன.
கையில் துப்பாக்கி போல ரிமோட்.
விரலை இழுத்தால் ஓட்டம், தள்ளினால் நிறுத்தம்,
பக்கத்தில் பிஸ்கட் அகலத்துக்கு ஒரு ஸ்டியரிங்.

மூன்று மாத ஓவர்டைம் இந்த வண்டி.
பொட்டலம் பொட்டலமாக வந்ததைச்
சமையல் மேசையில் பதினொரு இரவு பூட்டினேன்.
கடைசியில் ஒரு திருகு மிஞ்சியது.
கூட்டுக்கு எங்கள் பேருந்தின் மஞ்சளையே அடித்தேன்,
என் தடத்தின் எண்ணோடு: நாற்பத்தேழு.
"நாற்பத்தொன்பது வயசுல பொம்மைக் காரா?"
பணிமனையில் ஹெர்மீனியு சிரித்தான்.
இதில் யாரும் சில்லறை கேட்க மாட்டார்கள் என்றேன்.

ஹாரன்.

போகிறவரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை.
அதன் இடம் என் இடம், அதன் வலம் என் வலம்.
கோடியில் திரும்பி
என்னைப் பார்த்து வரும்போதுதான் வினை.
தெரியும், தெரியாமலில்லை,
படுக்கையில் உருப்போட்டதுதான்.
கண்ணாடிக்குள் உலகத்தைப் புரட்டிப் பார்த்தே
சம்பளம் வாங்கியவள் நான்.
விரலுக்கு யார் சொல்வது?
வலப்பக்கம் ஒடித்தேன்.
மஞ்சள் என் கண்ணெதிரே இடப்பக்கம் பாய்ந்து
எல்லைக்குப் பதித்த வடிகால் குழாயில் ஏறி
மல்லாந்தது.
நாலு சக்கரமும் நாரைகளுக்காகச் சுழன்றன.

ஆரஞ்சு மேலாடைக்காரர் ஓடிவந்து நிமிர்த்தினார்.
மறுசுற்றில் அதே குழாய்.
அதற்கடுத்ததிலும்.
நாலாவது முறை அவர் ஓடவில்லை,
குழாய்ப் பக்கத்திலேயே எனக்காகக் காத்திருந்தார்.

பக்கத்தில் பீர்ப் பெட்டிமேல் ஏறி நிற்கும் வாஸ்கு,
வயது பதினொன்று,
என்னைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும்
"உள்பக்கம் வர்றேன், அம்மா" என்று மரியாதையாகச் சொன்னான்.
ஏழு தடவை.

ஆனால் ஒரு சுற்று, ஆறாவது,
பெரிய மேட்டில் விரலை விடாமல் இழுத்தேன்.
மஞ்சள் மண்ணை விட்டது.
மோட்டார் கீச்சென்று காற்றை அறுத்தது.
மூக்கு தாழாமல், வால் தூக்காமல்
பூனை குதிப்பதுபோல் இறங்கியது.
கத்தினேனாம். நினைவில்லை.

ஒலிபெருக்கியில் கணினிப் பெண் குரல்:
எதெல்வீனா, ஏழு சுற்று, பத்தாவது இடம்.
அவளுக்கு எல்லாப் பெயரும் ஒரே வறட்சி.

ஓடி முடித்தவர்கள் அடுத்த ஓட்டத்துக்குக் காவல்.
அதுதான் இங்கே சட்டம்.
ஆரஞ்சு மேலாடை மாட்டி
என் குழாய்க்கே போய் நின்றேன்.
ஒரு சிவப்பு வண்டி கவிழ்ந்தது; முழங்கால் முனக ஓடினேன்.
ஒன்றரைக் கிலோ, அவ்வளவுதான்.
மோட்டார் மட்டும் காய்ச்சல்காரர் நெற்றிபோல் கொதித்தது.
நிமிர்ந்தால் எதிரே மேடை:
பத்து முகம்,
ஒன்றாவது என்னைப் பார்க்கவில்லை,
எல்லாம் மண்ணைப் பார்க்கின்றன.
நிறுத்தத்தில் நிற்பவர்களும் இப்படித்தான்,
பேருந்தின் எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

பட்டறைக் கூடாரத்தில் வண்டியைக் கவிழ்த்தேன்.
முன்சக்கரக் கை தொங்கியது;
காலி ஓட்டை ஒன்று என்னை முறைத்தது.
மிஞ்சிய திருகின் வீடு தெரிந்துவிட்டது.
திருகுதான் என் வீட்டில், சர்க்கரை டப்பாவில்.

வாஸ்கு தன் பெட்டியைக் கிளறி
மூன்று மில்லிமீட்டரில் ஒன்று எடுத்துத் தந்தான்.
எவ்வளவு என்றேன்.
"அடுத்த ஓட்டத்துல உள்பக்கம் விடுங்க, போதும்."
விடமாட்டேன் என்று சொல்லித்
திருகை முடுக்கினேன்.
வெளியே குழாய் பிடித்துத் திடலை நனைக்கிறார்கள்.
இன்னும் இரண்டு ஓட்டம் இருக்கிறது.